எலைமஸ் புற்களில் பசுங்கணிக மரமும் உட்கரு மரமும் முரண்படுவது ஏன்?

கேள்வி (அறுகு):
வணக்கம். எலைமஸ் பேரினத்தைச் சேர்ந்த நான்மடியக் (நான்கு குரோமோசோம் தொகுதிகள் கொண்ட) காட்டுப்புற்கள் சிலவற்றின் மூதாதையரைக் கண்டறிய முயன்று வருகிறேன். பசுங்கணிக டி.என்.ஏ.வின் மேட்-கே மரபணுவைக் கொண்டு வரைந்த பரிணாம மரத்தில் அவை அனைத்தும் சூடோரெக்னேரியா புல்லுடன் ஒரே கிளையில் சேர்கின்றன. உட்கருவின் ஒற்றைப் பிரதி மரபணு ஒன்றை எடுத்தாலோ, ஒவ்வொரு புல்லிலும் இரண்டு வகை வரிசைகள் கிடைத்து, ஒன்று சூடோரெக்னேரியாவிடமும் மற்றொன்று காட்டு வாற்கோதுமை அடங்கிய ஹார்டியம் பேரினத்திடமும் போய்ச் சேர்கின்றன. இவற்றில் எதை நம்புவது? பசுங்கணிக வரிசையை இன்னும் நீளமாக எடுத்தால் முரண் தீருமா?

பதில் (தினை):
இரண்டையும் நம்பலாம். புற்களில் பசுங்கணிகம் பெரும்பாலும் சூல் வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. எனவே உங்கள் முதல் மரம் தாய்வழியை மட்டுமே காட்டுகிறது. சூடோரெக்னேரியா தாயாகவும் ஹார்டியம் மகரந்தம் தந்த தந்தையாகவும் இருந்த கலப்பில் இப்புற்கள் தோன்றின என்று கொண்டால், இரு மரங்களும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ரொட்டிக் கோதுமையிலும் இதே நிலைதான். அதன் 42 குரோமோசோம்களில் 28, டிரிட்டிகம் உரார்ட்டு, ஈஜிலாப்ஸ் டாஷ்சி ஆகிய இரண்டு காட்டுப்புற்களின் வழிகளில் வந்தவை. ஆயினும் அதன் பசுங்கணிகம் அவ்விரண்டையும் விட்டுவிட்டு, ஈஜிலாப்ஸ் ஸ்பெல்டாய்டிஸுக்கு நெருங்கிய, மீதி 14 குரோமோசோம்களை (பி மரபணுத்தொகையை) தந்த தாயையே சுட்டுகிறது. பசுங்கணிகத்தை மட்டும் பார்த்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரலாறு நம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

பதில் (வரகு):
நீளமான வரிசை இந்த முரணைத் தீர்க்காது; தாய்வழியை இன்னும் உறுதியாக்கும், அவ்வளவே. ஆனால் நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய அது அவசியம் தேவைப்படும். கோதுமையின் பசுங்கணிக மரபணுத்தொகை ஏறத்தாழ 1,34,500 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) கொண்டது. அது மிக மெதுவாகவே மாறுவதால், ஒரு மரபணுவில் மட்டும் தேடினால் போதிய வேறுபாடுகள் கிடைப்பதில்லை. ஒவ்வோர் இனத்திலும் வெவ்வேறு இடங்களில் வளரும் பல செடிகளை எடுங்கள் என்பதை வலியுறுத்திச் சொல்வேன். ஒரே இனத்துக்குள் இரண்டு வேறுபட்ட பசுங்கணிக வகைகள் தென்பட்டால், அந்தக் கலப்பு ஒருமுறைக்கு மேல் நிகழ்ந்திருக்கக்கூடும். பசுங்கணிகத் துண்டுகள் உட்கருவுக்குள் புகுந்து தங்கிவிடுவதும் உண்டு. நெல்லின் 10ஆம் குரோமோசோமில் அப்படிப் புகுந்த பெருந்துண்டு ஒன்று இருக்கிறது. அத்தகைய பிரதியைத் தவறுதலாகப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுகு:
மிக்க நன்றி. பிற்காலக் கலப்பில் வேறோர் இனத்தின் பசுங்கணிகம் மட்டும் வந்து சேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தை எப்படி நீக்குவது?

தினை:
அப்படி வந்திருந்தால், கலப்புயிரி தந்தை இனத்தோடு மீண்டும் மீண்டும் கூடியதன் விளைவாக, தாயின் உட்கருச் சுவடு ஏறக்குறைய அழிந்து பசுங்கணிகம் மட்டுமே எஞ்சியிருக்கும். உங்கள் புற்களில் உட்கரு வரிசைகளில் ஒன்று சூடோரெக்னேரியாவுடையது என்பதால் அதற்கான வாய்ப்பு குறைவு. இருப்பினும், ஒளிரும் டி.என்.ஏ. சாயங்களைக் கொண்டு குரோமோசோம்களை அடையாளமிட்டுப் பாருங்கள்: உங்கள் புல்லின் 28 குரோமோசோம்களில் 14 ஒரு பெற்றோரின் நிறத்திலும் மீதி 14 மற்றதன் நிறத்திலும் தெரிந்தால், இரு மரபணுத்தொகைகளும் முழுமையாக இருப்பது உறுதியாகும்.