முதல்முறை ஆட வருபவர்களுக்கு எந்தக் கான்ட்ரா நடனம்?

கேள்வி:
வணக்கம். மாசசூசெட்ஸில் எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் அடுத்த மாதம் குடும்பங்களுக்கான நடன மாலை. ஃபிடிலுக்கும் பியானோவுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. அசைவுகளைச் சொல்லித்தரும் காலர் நான்தான். பிள்ளைகள், தாத்தா பாட்டி எல்லாம் சேர்த்து 40 பேர் வரலாம். ஒருவர்கூடக் கான்ட்ரா ஆடியதில்லை (ஜோடிகள் நீண்ட வரிசையில் நின்று, சுற்றுக்கொரு புதிய ஜோடியோடு ஆடும் நடனம்). சில குடும்பங்களோடு ஒத்திகை பார்த்தோம். பெண்கள் நடுவே கைபிடித்து இடம் மாறும் லேடீஸ் செயின் வந்ததும் வரிசை கலைந்தது. வரிசையின் முனைக்குப் போன ஜோடிகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். எப்படிப்பட்ட நடனங்களை எடுக்கலாம்?

பதில் 1:
லேடீஸ் செயினை இந்த மாலைக்கு விட்டுவிடுங்கள். ஒருவர் நடுவே கடக்க, எதிரில் நிற்பவர் அவரை வாங்கிச் சுற்றித் திருப்ப வேண்டும்; ஆளுக்கொரு வேலை. நால்வரும் ஒருவரையொருவர் பின்னிப் பின்னிக் கடக்கும் ஹேயும் வேண்டாம். அதில் கையே பிடிப்பதில்லை, வழி தவறியவரை இழுத்துச் சேர்க்க முடியாது. வட்டம், ஸ்டார் (நால்வரும் ஒரு கையை நடுவில் சேர்த்துச் சுற்றுவது), டோ-சி-டோ (இருவர் முதுகுக்கு முதுகாக ஒருவரையொருவர் சுற்றி வருவது), முன்னே போய்ப் பின்னே வருவது, இவை போதும்.

முனைச் சிக்கலுக்கு சிசிலியன் சர்க்கிள் நல்ல வழி. ஜோடிக்கு எதிர் ஜோடியாக, நால்வர் நால்வராகக் கூடத்தைச் சுற்றிப் பெரிய வட்டமாக நிற்க வையுங்கள். வட்டத்துக்கு முனை கிடையாது.

மெட்டில் ஏ, பி என்று இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை; ஏ, ஏ, பி, பி என்று மொத்தம் 64 அடி (தாளத் தட்டு) வரும். முதல் ஏ: நால்வரும் கைகோத்து இடப்பக்கம் 8 அடி, வலப்பக்கம் 8. இரண்டாம் ஏ: எதிரில் இருப்பவரோடு டோ-சி-டோ 8, தன் ஜோடியோடு 8. முதல் பி: வலக்கை ஸ்டார் 8, இடக்கை ஸ்டார் 8. இரண்டாம் பி: ஜோடியின் கையைப் பிடித்து முன்னே 4, பின்னே 4, பிறகு வலத்தோள் பக்கமாக எதிர் ஜோடியைக் கடக்க 4, புதிய ஜோடிக்கு வணக்கம் சொல்ல 4. அந்தக் கடைசி 4 அடியைக் குறைக்காதீர்கள், பிந்தியவர்கள் வந்து சேர்வது அதற்குள்தான்.

பதில் 2:
பிள்ளைகள் இருந்தால், இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடும் வர்ஜீனியா ரீலும் போடலாம். ஒரு வரிசைக்கு 5 ஜோடிக்கு மேல் வேண்டாம். தலைஜோடி ஒவ்வொருவரையும் முழங்கை கோத்துச் சுற்றும் பகுதியை எடுத்துவிடுங்கள், மற்றவர்கள் வெகுநேரம் சும்மா நிற்க நேரும். நடுவே சறுக்கி ஓடுவதும் கைவளைவுக்குள் நுழைவதும்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஆனாலும் நீண்ட வரிசையில் ஒன்றாவது ஆட வைக்க ஆசை. அதற்கு லார்க், ராபின் (ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர், வலப்பக்கம் நிற்பவர்) யார் யாரென்று சொல்லித்தர வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். இடைவேளைக்குப் பிறகு நான் சொன்ன அதே வட்ட நடனத்தை வரிசையில் வையுங்கள். கால்கள் பழகியிருக்கும், புதிதாகக் கற்க வேண்டியது முனை மட்டுமே. மேடைப் பக்கத்திலிருந்து தொடங்கி நால்வர் நால்வராகப் பிரியுங்கள். முனைக்கு வந்த ஜோடி ஒரு சுற்று ஆடாமல் காத்திருக்கும். வழக்கமாக லார்க் இடப்பக்கமும் ராபின் வலப்பக்கமும் வர அவர்கள் இடம் மாற வேண்டும். இந்த நடனத்தில் யாருக்கும் தனி வேலை இல்லை, வரிசையை நோக்கித் திரும்பி நின்றாலே சரி.

இசை தொடங்குமுன் இரண்டு தடவை நடத்திக் காட்டுங்கள். இரண்டாம் தடவை புதிய ஜோடியோடு இருக்கட்டும். ஒவ்வோர் அசைவையும் அது தொடங்குமுன் உள்ள 4 அடிக்குள் சொல்லி முடியுங்கள். ஃபிடில்காரரிடம் நிமிடத்துக்கு 108 அடி போதும் என்று சொல்லிவையுங்கள், தாத்தா பாட்டிகளுக்கு அது வசதி. அப்புறம், ஸ்விங் (ஜோடியாக வேகமாகச் சுழல்வது) கேட்டால் இரண்டு கையும் பிடித்து நடந்தே சுற்றச் சொல்லுங்கள். 8 அடி போதும், தலை சுற்றாது.