காப்பகத்திலிருந்து கூட்டி வந்த நாய் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலேயே கிடக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: மணியின் அப்பா

குட்டி எடுக்கத்தான் போனோம். எல்லாக் கூண்டிலும் குரைத்துக்கொண்டு கம்பிமேல் ஏறுகின்றன, கடைசிக் கூண்டில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. ஐந்து வயது இருக்கலாம் என்றார்கள். வண்டி இடித்துப் பின்னங்கால் முறிந்து கிடந்ததாம். என் மகள் அந்தக் கூண்டு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் குட்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வந்து 18 நாள் ஆகிறது. பகல் முழுக்க வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்தான். நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுகிறது. காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே மூத்திரம் போய்விடுகிறது. கடித்ததில்லை, உறுமியதில்லை. "பாவம், அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கும்" என்று மனைவி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: கூண்டு கழுவுகிறவள்

காப்பகத்தில் ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறேன். அங்கே நிம்மதியாக இருந்ததாக நினைக்க வேண்டாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்தது நிம்மதி இல்லை, அங்கே ஒளிந்துகொள்ள ஒரு வாஷிங் மெஷின் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும். எங்களிடையே ஒரு தோராயக் கணக்கு இது. மிரண்ட நாய்க்கு இதைவிட நீளும். 18 நாளில் சாப்பிடுகிறது, கடிக்கவில்லை என்றால் அவன் நன்றாகவே சமாளிக்கிறான்.

நான் முதலில் கேட்பது அந்தப் பின்னங்காலைப் பற்றித்தான். உங்கள் தரை டைல்ஸா? முறிந்து கூடிய காலுக்கு வழுக்குகிற தரை பெரிய பயம். மெஷினிலிருந்து கிண்ணம் வரை பழைய மிதியடிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். கூடவே டாக்டரிடம் காட்டி வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அது வந்த நாயும் இப்படித்தான் சோர்ந்து மூலையில் கிடக்கும். நாம் பயம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

அவனை வெளியே இழுக்காதீர்கள். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல், பேப்பர் படியுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். தலைக்கு மேலிருந்து கை வரக்கூடாது. உதட்டை நக்கினான், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டான் என்றால் "போதும், தள்ளிப் போ" என்கிறான். துடைப்பத்தை அவன் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கதவு. புதிதாகப் போன வீட்டிலிருந்து முதல் சில வாரங்களில் ஓடிப்போனதாக எங்களுக்கு எத்தனையோ போன் வந்திருக்கிறது. மிரண்ட நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். கழுத்துப் பட்டை, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் இரண்டிலும் கயிறு மாட்டாமல் வெளியே கூட்டிப் போகாதீர்கள்.

பதில்: ஒருமுறை திருப்பிக் கொடுத்தவன்

நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். வீட்டிலிருந்த கிழட்டுப் பூனையைப் புது நாய் இரண்டு தடவை கவ்விவிட்டது, வேறு வழியில்லை. திட்டுவார்கள் என்று பயந்து போனேன். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "பூனை இல்லாத வீடு" என்று அட்டையில் குறித்து, பொருத்தமான வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே திருப்பிக் கொடுப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லையே.

பதில்: மணியின் அப்பா

நன்றி. தரை டைல்ஸ்தான், அதுவும் பளபளவென்று. ஒரு விஷயம்: மகள் தன் பழைய தலையணைகளைக் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறாள். தரலாமா?

பதில்: கூண்டு கழுவுகிறவள்

தலையணை வேண்டாம். கிழித்துப் பஞ்சை விழுங்கிவிடும், அப்புறம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பழைய துண்டு, போர்வை, செய்தித்தாள் எவ்வளவு வந்தாலும் காணாது. பிளீச்சிங் திரவமும் அப்படித்தான். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வாசனையான தரைக் கழுவிகள் பலவற்றுக்கு அது அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்துதான் கழுவுகிறோம். தடுப்பூசி போடாத குட்டி வீட்டில் இருக்கிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் போனால் செருப்பை வெளியேயே விடச் சொல்லுவோம்.

பணமாகத் தருவதென்றால் சிறு தொகையானாலும் மாதாமாதம் தாருங்கள். விழாவில் மொத்தமாக வரும் பணத்தில் போட்டோ எடுக்கலாம். அடுத்த மாதம் எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்ய முடியும் என்று டாக்டரிடம் சொல்லி வைக்க முடியாது.

பதில்: மணியின் அப்பா

31-ஆம் நாள். டாக்டர் இடுப்பில் வலி இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். ஆறு மிதியடி போட்டோம். ஹார்னஸ் இன்னும் மாட்டவிடவில்லை. நேற்று மகள் படித்துக்கொண்டிருக்கும்போது நான்காவது மிதியடி வரை வந்து படுத்தான், பட்டப்பகலில். ஐந்தாவதில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.