மேட் ஃபினிஷ்: 'மங்கல்' வேண்டாம், 'அடங்கொளி' சரிவருமா?

நண்பர்களே,

பளபளக்காத மேற்பரப்பைக் குறிக்கும் 'மேட் ஃபினிஷ்' (matte finish) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே இதுவரை வந்த பரிந்துரைகள் மங்கல், பளபளப்பற்ற, சொரசொரப்பு, ஒளியுறிஞ்சி. நான்கிலும் எனக்குக் குறை தெரிகிறது. 'மங்கல்' விஷயத்தில் பட்ட அனுபவமே உண்டு.

வீட்டு உள்ளலங்காரக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தபோது, மேட் பிளாக் போர்சிலைன் டைலை 'மங்கல் கருப்புப் பீங்கான் ஓடு' என்று எழுதிவைத்தேன். படித்துப் பார்த்த உறவினர், "புதுசா வாங்கும்போதே மங்கிப் போயிருக்குமா?" என்றார். அதே பக்கத்தில்தான் மெழுகு, பாலிஷ் எதுவும் போடக் கூடாது, போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. மங்கிய பொருளுக்கு மெருகு போடத்தானே கை போகும்? சொல்லும் எச்சரிக்கையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன.

'சொரசொரப்பு' இன்னும் ஆபத்து. கேட்பவர் வழுக்காது என்று நினைத்துக் குளியலறையில் பதித்துவிடுவார். வழுக்காத தன்மை தனியாகச் சோதித்துத் தரம் குறிக்கப்படுவது. மேட் என்பதாலேயே அது வந்துவிடாது.

'ஒளியுறிஞ்சி' பாதி சரி. ஆனால் ஒளியை உறிஞ்சுவது கருப்பு நிறம்; மேட் பரப்பு அல்ல. வெள்ளையிலும் மேட் உண்டே! பளபளப்பான கருப்பு ஓட்டைச் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் கம்பிகளை எண்ணலாம். மேட் ஓட்டில் கம்பி தெரியாது, வெளிச்சம் ஒரு சாம்பல் தீற்றலாகப் பரவும். பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியை நாலா பக்கமும் சிதறடிப்பதுதான் காரணம். பொருட்களைக் குறைத்து வெறுமையாக விட்ட அறைகளுக்கு இந்த ஓட்டைத் தேடுவதும் இதனால்தான். பளபளக்கும் கருந்தரையில் விளக்கு, நாற்காலிக் கால், நடப்பவர் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், குறைத்ததெல்லாம் வீண். (தூசியும் உப்புத் தண்ணீர்க் கறையும் கருப்பில் தெரியத்தான் செய்யும், மேட் என்றாலும்.)

அப்படியானால் 'சிதறொளி' என்று வைக்கலாமே என்பீர்கள். அது சிதறிய ஒளியைக் குறிக்கும். பரப்பின் குணத்தை அல்ல. என் பரிந்துரை 'அடங்கொளி'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஒளி இல்லை என்று சொல்லாமல், அடங்கி நிற்கிறது என்கிறது. 'பளபளப்பற்ற' போல 'அற்ற', 'இலா' ஒட்டிய எதிர்மறைப் பெயர்கள் கடைப் பலகையில் நிற்பதில்லை. அடங்கொளித் தாள், அடங்கொளிப் பெயின்ட், ஏன், அடங்கொளி உதட்டுச்சாயம் என்றுகூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நாக்கு இடறவில்லை.

அப்புறம் போர்சிலைன். பீங்கான் என்றால் சாதாரணச் செராமிக் ஓடும் அதற்குள் வந்துவிடுகிறது. போர்சிலைன் நீரை 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். ஓட்டின் பின்புறம் ஒரு சொட்டு நீர் விட்டால் முத்தாக நிற்கும், சாதாரணச் சுவர் ஓட்டில் சட்டென்று இறங்கிவிடும். எனவே கெட்டியான இதற்குத் தனிப் பெயராக 'வன்பீங்கான்'. முழுப் பெயர்: அடங்கொளிக் கருப்பு வன்பீங்கான் ஓடு. (கருப்பா கறுப்பா என்ற சண்டை இன்னொரு இழையில்!)

மேட் ஃபினிஷுக்கும் பளபளப்புக்கும் இடைப்பட்ட சாட்டினுக்கு (satin) 'மெல்லொளி' ஒத்துவரும். நன்றாக மின்னும் கிளாஸி (glossy) ஃபினிஷுக்குப் பழைய 'பளபளப்பு' போதும். 'மின்னொளி' என்றால் எல்லோருக்கும் ட்யூப்லைட்தான் ஞாபகம் வரும்.