'லோ' என்றதும் சார்ஜரைக் கொடுத்தேன்

மாட்ரிட் வந்து இரண்டாவது மாதம். லேப்டாப் திரையில் கோடு விழுந்துவிட்டது, பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். நான் கற்றது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ், கணினி என்றால் எனக்கு 'லா கொம்புத்தாதோரா', பெண்பால் (ஸ்பானிஷில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'லா' பெண்பால், 'எல்' ஆண்பால்). கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு 'லோ தேஹாஸ் அகீ?' என்றார். இங்கே விட்டுப் போகிறாயா என்பது புரிந்தது, ஆனால் 'லோ' என்றால் ஆண்பால் பொருளைக் குறிக்கும் 'அதை' ஆயிற்றே? மேசைமேல் இருந்த ஆண்பால் பொருள் சார்ஜர்தான், 'எல் கார்காதோர்'. அதை அவர் பக்கம் தள்ளிவிட்டு லேப்டாப்பைப் பையில் வைக்கப் போனேன். அவர் அதன் மூடிமேல் கையை வைத்து, 'எல் ஓர்தெனாதோர்' என்று நிதானமாகச் சொன்னார். ஸ்பெயினில் கணினிக்கு அதுதான் பெயர், ஆண்பால். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பாடத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை?

மறுமொழி 1

பாடத்தைக் குறை சொல்லாதீர்கள். நான் ஸ்பெயின் புத்தகத்தில் படித்துவிட்டு மெக்சிகோ சிட்டி அலுவலகத்தில் 'ஓர்தெனாதோர்' என்றேன், பக்கத்து இருக்கைக்காரர் 'ஸ்பெயினில் இருந்தீர்களா?' என்று கேட்டுவிட்டார். இங்கே 'லா கொம்பு'தான், லேப்டாப்பும் 'லா லாப்டாப்'.

மறுமொழி 2

நீங்கள் இருவரும் ஸ்பெயினில் ஆண்பால், லத்தீன் அமெரிக்காவில் பெண்பால் என்று முடித்துவிட்டீர்கள். அது சரியில்லை. நான் இருக்கும் கொலம்பியாவின் பொகோட்டாவில் 'எல் கொம்புத்தாதோர்', சிலேயிலும் அப்படித்தான். நான் மாதக்கணக்கில் 'லா' போட்டுப் பேசினேன், பெரியவர்கள் யாரும் திருத்தவில்லை, வீட்டுக்காரரின் ஆறு வயதுப் பையன்தான் 'எல்!' என்று கத்தினான். அப்புறம் ஒன்று, தமிழில் பொருளுக்கெல்லாம் 'அது' ஒன்றே போதும் என்பதால் பால் என்ன என்று நம் மனம் கேட்பதே இல்லை. சொல்லைத் தனியாக எழுதி வைக்காதீர்கள், 'எல் ஓர்தெனாதோர் ரோத்தோ', 'லா கொம்புத்தாதோரா ரோத்தா' என்று உடைந்துபோனதாகவே எழுதிப் பழகுங்கள், கடையில் வாயில் வர வேண்டியது அதுதானே. ஈற்றொலியை நம்பவும் முடியாது, 'புரோகிராமா', 'சிஸ்தேமா' இரண்டும் 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்பால். 'இன்டர்நெட்'டுக்கு எல், லா இரண்டுமே செல்லும், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஓர்தெனாதோர் பிரெஞ்சு 'ஓர்தினாத்தர்' வழியாக வந்தது, அதை ஆங்கிலக் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டு நினைவில் வைக்கப் பார்த்தால் நடக்காது. மாட்ரிட் நண்பரே, அந்தக் கடைக்கு மறுபடி போனால் 'எல் போர்த்தாத்தில்' என்றே சொல்லுங்கள், அங்கே லேப்டாப்புக்கு அதுதான் பெயர், அதுவும் ஆண்பால்.