டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே?

நாலாம்வகுப்பு டீச்சர்:
வணக்கம். என் வகுப்பில் ஒரு பையன், கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான், கணக்கை மனதிலேயே போடுவான், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே வியர்த்துவிடுகிறது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. வேலையை விடாமல் பயிற்சி எடுக்க முடியுமா?

சிறப்பாசிரியர் மதுரை:
முடியும் மேடம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி நடத்துகிறது, முதலில் அவர்களிடம் கேளுங்கள். எங்கே சேர்ந்தாலும் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள், வெறும் ஸ்லைடு காட்டினால் பிரயோஜனமில்லை.

வாசிப்பு அக்கா:
இன்னொன்று. கண், காது, கை மூன்றையும் சேர்த்து எழுத்தைப் பழக்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையைத்தான் பலரும் சொல்லித்தருகிறார்கள்; அது ஆங்கிலத்துக்காக உருவானது, தமிழுக்கு நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, ஆனால் காதில் முதலில் விழுவது 'க்'தான். பிள்ளை அங்கேதான் தடுமாறுகிறது. நான் தட்டில் ரவை பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பேன். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

நாலாம்வகுப்பு டீச்சர்:
சரி அக்கா, ரவைத் தட்டு நாளைக்கே. எல்லார் முன்னாலும் அவனை வாசிக்கச் சொல்வதை நிறுத்தலாமா?

சிறப்பாசிரியர் மதுரை:
உடனே நிறுத்துங்கள். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அந்தக் குறைபாட்டுக்கான சான்றிதழுக்குப் பெற்றோரை இப்போதே அலையச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்.