மான்டே கார்லோ: கேள்வியிலேயே தப்பு

சுந்தரம், காலை 7:10
ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வினாடி வினாவுக்கு டென்னிஸ் கேள்வி ரெடி. முதல் கேள்வி: "மொனாக்கோ நாட்டில் நடக்கும் களிமண் தரை மாஸ்டர்ஸ் போட்டி எது?" விடை: மான்டே கார்லோ. (மாஸ்டர்ஸ்னா கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த படிப் போட்டிங்க.)

வாசுகி, 7:14
அண்ணா, கேள்வியே தப்பு. கோர்ட் இருக்கறது பிரான்ஸ்ல. மொனாக்கோ எல்லையைத் தாண்டின உடனே வர்ற ரோக்ப்ரூன்-காப்-மார்த்தன். கிளப் பேர்லதான் மான்டே கார்லோ இருக்கு, நிலம் அங்க இல்ல.

சுந்தரம், 7:19
அட ஆமா. 1897-ல ஆரம்பிச்சப்போ மொனாக்கோவுலதான். 1928-ல இப்ப இருக்கற கிளப்பைக் கட்டினதும் அங்க வந்துருச்சு. ஆரம்ப வருஷங்கள்ல முழுக்க இங்கிலாந்து டோஹெர்ட்டி அண்ணன் தம்பி ராஜ்யம், ரெஜி மட்டும் 6 தடவை ஜெயிச்சார். அப்புறம் நியூசிலாந்துக்காரர் ஆன்டனி வைல்டிங் 5. 1911-லேர்ந்து 1914 வரை தொடர்ச்சியா அவர்தான். மறு வருஷம் முதல் உலகப்போர்ல செத்துப்போனார்.

நித்யா, 7:21
பெரியப்பா, "களிமண்"ணும் சரியா? டிவில செவப்பா செங்கல் மாதிரில்ல இருக்கு?

கதிர், 7:26
செங்கல்தான். இடிச்சு சலிச்ச தூள், நம்ம கொத்தனார் சொல்ற சுர்க்கி. அதுவும் மேல 1, 2 மில்லிமீட்டர்தான். பிரெஞ்சு ஓபன் நடக்கற ரோலான் காரோஸ்ல அதுக்குக் கீழ 6, 7 சென்டிமீட்டர் சுண்ணாம்புக்கல் தூள், அப்புறம் நிலக்கரிக் கசடு, அடியில சரளை. நாம பாக்கற செவப்பு வெறும் பவுடர் பூச்சு. கோர்ட்டோட உசுரு சுண்ணாம்புக்கல்லுல இருக்கு. தண்ணியைப் பிடிச்சு வச்சு மேல கசியவிடறது அதுதான்.

சுந்தரம், 7:29
அந்தக் கடற்கரையிலதான் இந்தத் தூள் கோர்ட் ஆரம்பிச்சுதுன்னு ஒரு கதை உண்டு. 1880 வாக்குல கேன்ஸ்ல வெயிலுக்குப் புல் தாங்கல. பக்கத்து வாலோரிஸ் ஊர் மண்பானைத் துண்டை இடிச்சு இங்கிலாந்து டென்னிஸ் வீரர்கள் ரென்ஷா சகோதரர்கள் புல் மேல பரப்பினாங்களாம்.

நித்யா, 7:31
கதிரண்ணா, தூள்னா காத்துல பறக்காதா?

கதிர், 7:38
பறக்கும். அதனாலதான் அங்க ராக்கெட்டை விட தண்ணிக் குழாய் முக்கியம். ஆட்டம் முடிஞ்சதும் நல்லா ஊற ஊத்தணும், ஆட்டங்களுக்கு நடுவுல லேசா தெளிக்கணும். செட் முடிஞ்சா தரை மேல ஒரு இழுவை வலையை இழுத்து மட்டம் பண்ணி, கோட்டை பிரஷ்ஷால தேய்க்கணும்.

காய விட்டா தூள் ஓரத்துல ஒதுங்கி நடுவுல சுண்ணாம்புத் தளம் தெரியும். அந்த இடத்துல பந்து சறுக்கும், காலும் சறுக்கும். ரொம்ப ஊத்தினா பந்துல ஈரத்தூள் ஒட்டி கனமாகும், எழும்பவே எழும்பாது. ஏப்ரல்ல அங்க குளிரும் கடல் ஈரமும் வேற, அதனால ரோலான் காரோஸை விட மந்தமான கோர்ட்.

இன்னொண்ணு, நிறைய கிளப்ல கோடுங்கறது ஆணி அடிச்ச பிளாஸ்டிக் பட்டை. சுத்தி இருக்கற தூள் தேஞ்சா பட்டை மேல தூக்கிக்கும். பந்து அது மேல விழுந்தா எந்தப் பக்கம் போகும்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

வாசுகி, 7:45
அந்த மந்தமான கோர்ட்தான் ஸ்பெயின்காரர் நடாலுக்கு வாச்சது. டாப் ஸ்பின், அதாவது முன்பக்கமா சுழலற பந்து தூள்ல உரசி வேகம் குறைஞ்சு, நேரா தோளுக்கு எழும்பும். பேக்ஹேண்டை (புறங்கைப் பக்கத்து அடியை) ஒரே கையால அடிக்கறவங்களுக்கு அது நரகம். அந்த ரகத்து ஃபெடரர் 2006, 07, 08 மூணு ஃபைனலும் அவர்கிட்டயே தோத்தார், 2014-ல வாவ்ரிங்காகிட்ட. கடைசி வரைக்கும் அந்தக் கோப்பை இல்ல. நடால் மொத்தம் 11. 2005-லேர்ந்து 2012 வரை விடாம 8. தொடர்ச்சியா 46 மேட்ச் ஜெயிச்ச பிறகு 2013 ஃபைனல்லதான் ஜோகோவிச் நிறுத்தினார்.

நித்யா, 7:47
46!! 😮

வாசுகி, 7:48
ஒரு கணக்கும் தெரிஞ்சுக்கோ. 56 பேர் ஆடறாங்க, முதல் 8 சீடுக்கு (தரவரிசைப்படி முன்னால வச்ச ஆளுங்களுக்கு) முதல் சுற்று கிடையாது. அந்த 8 பேர்ல ஒருத்தரா இருந்தா 5 மேட்ச் ஜெயிச்சா கோப்பை. 2007-லேர்ந்து ஃபைனலும் 3 செட்டுதான், அதுக்கு முன்னாடி 5. 9 மாஸ்டர்ஸ்ல இது ஒண்ணுலதான் டாப் வீரர்கள் ஆடியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. 2009-லேர்ந்து அப்படி. இருந்தும் வர்றாங்க, நிறைய பேர் மொனாக்கோலயே வீடு வச்சிருக்காங்கல்ல.

சுந்தரம், 7:52
வாசுகி, 2017-ல நடாலும் பெல்ஜியம்காரர் கோஃபினும் ஆடின மேட்ச் ஞாபகம் இருக்கா? அதையும் ஒரு கேள்வியா போடலாம்.

வாசுகி, 8:01
மறக்குமா! செமிஃபைனல். முதல் செட்ல கோஃபின் 3-2 முன்னாடி, அட்வான்டேஜ் அவருக்கு, இன்னொரு பாயின்ட் எடுத்தா அந்த கேம் அவருது. நடால் அடிச்ச பந்து வெளிய, கோட்டு நடுவரும் அவுட்னு சொல்லிட்டார். நாற்காலி நடுவர் இறங்கி வந்து தூள்ல பந்து பதிஞ்ச வேற ஒரு தடத்தைப் பாத்து "உள்ள"ன்னுட்டார். பாயின்ட்டைத் திரும்ப ஆடினாங்க. 4-2 ஆகவேண்டியது 3-3. அப்புறம் கோஃபினுக்கு ஆட்டமே வரல, நடால் 6-3, 6-1-ல ஜெயிச்சார்.

தடம் பாக்கறதுல சூட்சுமம் இருக்கு. விளிம்பு கோட்டை ஒரு நூல் தொட்டாலும் உள்ள. நடுவுல செவப்பு இடைவெளி தெரிஞ்சாதான் வெளிய. தட்டையா வேகமா வந்த பந்து நீளமா கீறும், மேலேர்ந்து விழுந்தது வட்டமா பதியும். அதனால பந்து வந்த திசையும் தடமும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும். அன்னைக்கு சறுக்கினது அங்கதான். ஆட்டக்காரர் தன் பக்கத் தடத்தை அழிச்சுட்டா தகராறு பண்ற உரிமை போச்சு. வலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பாத்தா எச்சரிக்கை.

கதிர், 8:04
இப்ப அந்த வேலையே இல்லையே அத்தை. 2025-லேர்ந்து ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சங்கம்) களிமண் போட்டிலயும் கேமராதான் சொல்லுது, நடுவர் இறங்க மாட்டார். மாட்ரிட்ல ஜெர்மன்காரர் ஸ்வெரெவ் ஃபோன்ல தடத்தை படம் எடுத்ததுக்கு எச்சரிக்கை வாங்கினார். ரோலான் காரோஸ் மட்டும் 2025-லயும் கோட்டு நடுவர்களைக் கைவிடல.

வாசுகி, 8:06
தடம் கண்ணு முன்னால இருக்கு, கேமரா வேற சொல்லுது, அவனுக்கு எரியாதா? என் ஓட்டு தடத்துக்குத்தான்.

நித்யா, 8:09
நம்மாளு யாராவது அங்க ஜெயிச்சிருக்காங்களா?

வாசுகி, 8:10
அதே 2017, டபுள்ஸ்ல ரோஹன் போபண்ணா. ஜோடி உருகுவேக்காரர் பாப்லோ குவேவாஸ்.

சுந்தரம், 8:17
சரி, முதல் கேள்வியை மாத்திட்டேன்: "மான்டே கார்லோ மாஸ்டர்ஸ் எந்த நாட்டு மண்ணில் நடக்கிறது?" ரெண்டாவது போபண்ணா. மூணாவது, "1981-ல் சாம்பியன் யார்?"

கதிர், 8:18
பெரியப்பா, இது அநியாயம் 😄

நித்யா, 8:18
ஏன், யாரு?

சுந்தரம், 8:20
யாருமில்ல. கானர்ஸும் விலாஸும் ஃபைனல். முதல் செட் 5-5, மழை. ஆட்டத்தை முடிக்கவே இல்ல.

நித்யா, 8:21
தூறல்ல ஆடலாம்னுதானே சொல்வாங்க?

கதிர், 8:24
தூறல்ல ஆடலாம், செங்கல் தூள் குடிச்சுக்கும். தண்ணி தேங்கிட்டா அடியில சுண்ணாம்புத் தளமே ஊறிடும். அது மேல நடந்தா கால் தடம் குழியாகும், அப்புறம் உருளை போட்டு அழுத்தித்தான் எடுக்கணும். அதுக்கு முதல்ல காயணும்.

வாசுகி, 8:26
அண்ணா, மூணாவது கேள்விக்கு ரெண்டு மார்க் குடுங்க. "யாரும் இல்லை"ன்னு எழுதற பிள்ளை கஷ்டப்பட்டுத்தான் எழுதும்.