இப்பு: சுரைக்காயா, கலமா? எதிர்ப்பட்டவர்கள் எழுதுங்கள்

கொடிவழி:
ஹவாய் அகராதியில் 'இப்பு ஹாவ்' கண்ணில் பட்டதிலிருந்து மனசு விடவில்லை. இப்பு சுரைக்காய், ஹாவ் இரும்பு. பொருள் என்னவென்றால், இரும்புச் சட்டி! அதே வரிசையில் இப்பு குஹா எச்சில் படிக்கம், இப்பு ஹாவோலே தர்பூசணி. ஹவாயில் மண்பாண்டம் வனையும் வழக்கமே இல்லை. தண்ணீர், துணிமணி, தூண்டில் எல்லாம் சுரைக்குடுக்கையில்தான். 1778-ல் ஆங்கிலக் கடலோடி குக்கின் கப்பல்கள் வந்தபின் இரும்புச் சட்டி புழங்கத் தொடங்கியதும் காயின் பெயரையே அதற்கும் சூட்டிவிட்டார்கள்.

சிரட்டை:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். பாலினீசியத் தீவுகளான சமோவாவிலும் தோங்காவிலும் இப்பு என்றால் கிண்ணம். தோங்காவில் காவா என்ற வேர்ப்பானத்தை ஊற்றித் தரும் தேங்காய்ச் சிரட்டை இப்புதான்; அங்கே சுரைக்கு என்ன வேலை? கலம் என்பதுதான் பழைய பொருள். ஹவாயில் கலம் பெரும்பாலும் சுரையாக இருந்ததால் காய்க்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அருங்காட்சியகச் சீட்டுகள் மரக்கிண்ணத்தையும் 'காலபாஷ்' (சுரைக்குடுக்கை) என்று எழுதிக் குழப்புவது எனக்குப் பொறுக்காது. ஹவாய்க்காரர்கள் தெளிவாகவே பிரித்திருக்கிறார்கள்: உமெக்கே லாஅவ் மரக்கிண்ணம், உமெக்கே போஹுவே சுரைக்கிண்ணம்.

அடும்பு:
ஹுவே என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே. மாவோரி, தஹீத்தி, ராப்பா நூயி என்ற மூன்று பாலினீசிய மொழிகளிலும் சுரைக்கு அதுதான் பெயர். ஹவாயில் ஹுவே என்றால் கழுத்து ஒடுங்கிய குடுக்கை. சமோவாவில் இதே சொல் ஃபுவே, பொருள் படர்கொடி. கிழக்கே போனவர்கள் கைக்கு வந்த சுரைக்குக் கொடியின் பொதுப்பெயரையே வைத்திருக்கிறார்கள். ஹவாய்க் கடற்கரை மணலில் போஹுவேஹுவே படர்ந்து கிடக்கும். நம்மூர் அடும்பேதான்: அதே ஊதாப் பூ, ஆட்டுக்குளம்பாய்ப் பிளந்த அதே இலை. பாலினீசியச் சுரையில் ஆசிய வழி, அமெரிக்க வழி இரண்டும் கலந்திருப்பதை 2006-ல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.

பந்தல்:
சொல் இருக்கட்டும், குடுக்கை செய்ய நினைப்பவர்களுக்கு. காம்பு காய்ந்து பழுப்பாகும்வரை பறிக்காதீர்கள். நகம் இறங்குகிற பருவத்தில் பறித்தால் ஓடு சுருங்கிக் குழி விழும். காம்பில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டி, நிழலில், காற்றோட்டமாக, ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். பெரிய காய் காய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மேலே பூஞ்சணம் பூத்தால் எறிந்துவிடாதீர்கள், அழுகுவது மேல்தோல்தான். விரல் அமுங்கினால் மட்டும் ஓடே போய்விட்டது என்று அர்த்தம். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். அதன்பிறகு மேல்தோலைச் சுரண்டி வாயைத் திறக்கலாம். காய்ந்த சதையைச் சுரண்டும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி தொண்டையைப் பிடிக்கும். ஒடுங்கிய கழுத்தென்றால் தண்ணீர் ஊற்றி உள்ளே இருப்பதை ஊறவைத்து, கூழாங்கல்லும் மணலும் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். கடைசித் தொல்லை கசப்பு. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கசப்பு அடங்காத குடுக்கை தண்ணீருக்கு ஆகாது, விதை போட்டு வைக்கலாம்.

சிரட்டை:
மேளத்துக்கும் ஆகும். இப்பு ஹெக்கே என்ற ஹவாய் மேளம் இரண்டு குடுக்கை சேர்ந்தது: கீழே நீளமானது, மேலே வாய் திறந்த குட்டையானது. ஓடு தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய ஓடு தரையில் இடிக்க இடிக்க விரிசல் விட்டுவிடும். தரையில் இடித்தால் 'ஊ', பக்கவாட்டில் விரலால் தட்டினால் 'தே'.

கொடிவழி:
கலம்தான் மூலம் என்பதை ஏற்கிறேன். மாவோரி அதற்குச் சாட்சி: காய்க்கு ஹுவே, குடுக்கைக்குத் தஹா, பொதுக்கலத்துக்கு இப்பு. தஹா ஹுவாஹுவா என்பது பறவைக்கறியை அதன் கொழுப்பிலேயே மூழ்கவைத்துக் காக்கும் குடுக்கை. வாய்க்குச் செதுக்கிய மரவளையம் பொருத்தி, உள்ளே எந்தப் பறவை என்று தெரிய அதன் இறகையே வெளியே கட்டிவிடுவார்கள்.